ஹாமில்டன் விட்டுச் சென்ற இருக்கை: மெர்சிடிஸ் ஏன் அனுபவசாலியைத் தேடவில்லை?

கேள்வி:

ஃபார்முலா 1 கார் பந்தயத்தில் மெர்சிடிஸ் அணி எட்டு ஆண்டு இடைவெளியில், ஏறத்தாழ ஒரே சிக்கலுக்கு நேரெதிரான இரண்டு முடிவுகளை எடுத்திருக்கிறது. அதன் காரணத்தை அறிய விரும்புகிறேன்.

2016 நவம்பர் 27 அன்று அபுதாபியில் உலகப் பட்டம் வென்ற நிகோ ராஸ்பெர்க், அடுத்த ஐந்தாம் நாளே ஓய்வை அறிவித்துவிட்டார். தான் வளர்த்த இளம் வீரர் பாஸ்கல் வெர்லைன் கைக்கெட்டும் தொலைவில் இருந்தபோதும், மெர்சிடிஸ் அவரை அமர்த்தாமல் வில்லியம்ஸ் அணியிலிருந்து வால்டெரி போட்டாஸை அழைத்து வந்தது. 2024 பிப்ரவரி 1 அன்று, அந்த அணிக்காக ஆறு பட்டங்களை வென்ற லூயிஸ் ஹாமில்டன், அடுத்த ஆண்டு ஃபெராரிக்குச் செல்வதாக அறிவிப்பு வந்தது. அதனாலேயே ஃபெராரியில் இடம் இழந்த கார்லோஸ் சைன்ஸ் அப்போது எந்த அணிக்கும் ஒப்பந்தமாகாமல் இருந்தார். அந்த ஆண்டு மெல்போர்னில், குடல்வால் அறுவை சிகிச்சை முடிந்து இரண்டே வாரத்தில் களமிறங்கி அவர் வென்றதை நாம் எல்லோரும் பார்த்தோம். அப்படிப்பட்டவரை விட்டுவிட்டு, 18 வயது நிரம்பி ஆறு நாள்களே ஆகியிருந்த கிமி அன்டோனெல்லியை ஆகஸ்ட் 31 அன்று மெர்சிடிஸ் அறிவித்தது. முதல் முறை காட்டிய எச்சரிக்கையை இரண்டாம் முறை ஏன் காட்டவில்லை?

மறுமொழி 1:

இரண்டு நிகழ்வுகளுக்கும் உள்ள வேறுபாட்டை ஓட்டுநர்களின் திறமையில் தேடுவதைவிட நாள்காட்டியில் தேடுவது பொருத்தமாக இருக்கும் என்று கருதுகிறேன். விலகுபவர் எவ்வளவு முன்னதாகச் சொல்கிறார் என்பதே அவர் இடத்துக்கு யார் வரமுடியும் என்பதைப் பெருமளவு தீர்மானித்துவிடுகிறது.

ராஸ்பெர்க் ஓய்வை அறிவித்த டிசம்பர் 2 என்பது ஓட்டுநர் சந்தையில் கடை அடைத்துவிட்ட நேரம். முன்னணி வீரர்கள் அனைவரும் ஒப்பந்தத்தில் கட்டுண்டிருந்தார்கள். போதாக்குறைக்கு 2017இல் விதிகள் பெரிதும் மாறின. காரின் அகலம் 1800 மில்லிமீட்டரிலிருந்து 2000 ஆனது, பின்சக்கர டயரின் அகலம் 325 மில்லிமீட்டரிலிருந்து 405 ஆனது. முற்றிலும் புதிய கார், பட்டம் வென்றவர் இல்லை, சோதனை ஓட்டம் தொடங்க மூன்று மாதம்கூட இல்லை. அந்த நிலையில், பின்வரிசை அணியான மேனரில் ஒரே பருவம் ஓட்டி ஒரு புள்ளி மட்டும் பெற்றிருந்த வெர்லைனை நம்பி இறங்க அணி துணியவில்லை. அதில் பிழை இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

போட்டாஸைப் பெறுவதும் எளிதாக இருக்கவில்லை. வில்லியம்ஸின் மற்றோர் ஓட்டுநரான லான்ஸ் ஸ்ட்ரோலுக்கு 18 வயது. அணியின் முதன்மை விளம்பரதாரரோ மதுபான நிறுவனம் என்பதால், விளம்பரங்களில் தோன்ற 25 வயதைக் கடந்த ஒருவர் அவர்களுக்குத் தேவைப்பட்டார். எனவே, சில வாரங்களுக்கு முன்புதான் பிரேசிலில் விபத்துக்குள்ளான காரை விட்டிறங்கி, மழையில் கண்ணீரோடு பிட் பாதையில் (டயர் மாற்றவும் பழுது பார்க்கவும் கார்கள் வந்து நிற்கும் பாதை) நடந்து, போட்டி அணிகளின் மெக்கானிக்குகள் வெளியே வந்து கைதட்ட விடைபெற்ற ஃபெலிபெ மாஸாவை, வில்லியம்ஸ் திரும்பவும் அழைக்க வேண்டியதாயிற்று. போட்டாஸின் வருகை, மாஸாவின் மறுவரவு, வெர்லைன் சாபர் அணிக்குச் சென்றது ஆகிய மூன்றும் 2017 ஜனவரி 16 என்ற ஒரே நாளில் அறிவிக்கப்பட்டன. ஒருவர் திடீரென எழுந்து போனதற்காக மூன்று அணிகள் இடம்மாறி உட்கார நேர்ந்தது.

ஹாமில்டனோ ஒரு முழுப் பருவத்தை அணியின் கையில் கொடுத்துவிட்டுப் போனார். ரெட் புல் அணியின் உலக சாம்பியன் மாக்ஸ் வெர்ஸ்டாப்பன் மீதான விருப்பத்தை அணித் தலைவர் டோட்டோ வோல்ஃப் பல மாதங்கள் மறைக்கவே இல்லை. காத்திருக்க முடியாத சைன்ஸ் ஜூலை இறுதியில் வில்லியம்ஸுடன் ஒப்பந்தம் செய்துகொண்டார். அந்த இடைவெளியில் மெர்சிடிஸ் வேறொரு வேலையையும் செய்துகொண்டிருந்தது. நடப்புப் பருவத்துக் காரில் சோதனை ஓட்டத்துக்குக் கடும் கட்டுப்பாடு உண்டு. பழைய கார்களுக்கு அப்போது அந்த அளவு கட்டுப்பாடு இல்லை. ஏப்ரலில் ஆஸ்திரியாவில் 2021ஆம் ஆண்டுக் காரில் தொடங்கி, பல தடங்களில் அன்டோனெல்லியை ஓடவிட்டுப் பார்த்தார்கள். 2016 டிசம்பரில் இதற்கெல்லாம் நேரம் எங்கே இருந்தது?

மறுமொழி 2:

மேலே சொன்னது சரியே. போனவர் எதை விட்டுச் சென்றார் என்பதையும் அதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். ஹாமில்டனின் பந்தயப் பொறியாளர் பீட்டர் பொன்னிங்டன் அவருடன் ஃபெராரிக்குச் செல்லவில்லை. ‘போனோ’ என்று ரசிகர்கள் அறிந்த அந்தக் குரல், 2025 முதல் அன்டோனெல்லியின் காதில் ஒலித்தது. டயரின் வெப்பநிலை, முன்னால் செல்பவருடனான இடைவெளி, எந்தத் திருப்பத்தில் சற்று முன்பே பிரேக்கை விடவேண்டும் என்பதையெல்லாம் பதற்றமில்லாமல் சொல்லித்தர அப்படி ஒருவர் இருப்பது, புதியவருக்கு வேகமான காரைக் கொடுப்பதற்கு இணையான உதவி.

இதில் என்னை நெகிழ வைத்த ஒரு பொருத்தம் உண்டு. 2024 டிசம்பரில் அபுதாபியில் மெர்சிடிஸுக்கான தன் கடைசிப் பந்தயத்தை 16ஆம் இடத்தில் தொடங்கிய ஹாமில்டன், இறுதிச் சுற்றில் சக மெர்சிடிஸ் ஓட்டுநர் ஜார்ஜ் ரஸ்ஸலை முந்தி நான்காவதாக முடித்தார். அடுத்த பந்தயமான 2025 மார்ச் மெல்போர்னில், மழையில் ஒருவர் பின் ஒருவராகத் தடம் மாறி மோதிக்கொண்டிருந்தபோது, அன்டோனெல்லி அதே 16ஆம் இடத்தில் தொடங்கி அதே நான்காம் இடத்தில் முடித்தார். பிட்டிலிருந்து பாதுகாப்பின்றி வெளியேறியதாக ஐந்து வினாடி தண்டனை விதிக்கப்பட்டு ஐந்தாம் இடத்துக்கு இறங்கினாலும், அணி மறுபரிசீலனை கோரி அந்த இடத்தை மீட்டுக் கொடுத்தது.

மறுமொழி 3:

நான் சற்று மாறுபடுகிறேன். நேரம் கிடைத்தது என்பதால் முடிவு சரியாகிவிடாது. அறிவிப்புக்கு முந்தைய நாள் மான்சாவில், முதல் பயிற்சி ஓட்டத்தில் ரஸ்ஸலின் காரை எடுத்துக்கொண்டு போன அன்டோனெல்லி, பத்தே நிமிடத்தில் பரபோலிகா திருப்பத்தில் தடுப்பில் மோதினார். தொடக்கத்திலேயே எல்லையைத் தொட முயன்றதன் விளைவு அது. அவ்வளவு அவசரம் கொண்ட இளைஞரை, பட்டத்துக்குப் போட்டியிட வேண்டிய அணியில் நேரடியாக அமர்த்தியதற்கு விலையும் கொடுத்தார்கள். 2025இல் இமோலா முதல் மான்சா வரை ஐரோப்பிய மண்ணில் நடந்த 9 பந்தயங்களில் அவர் பெற்றவை மொத்தம் 3 புள்ளிகள். ரஸ்ஸலையே வில்லியம்ஸில் மூன்று பருவங்கள் பழக்கிய பிறகுதான் 2022இல் கொண்டுவந்தார்கள். அந்தப் பொறுமை இவர் விஷயத்தில் எங்கே போயிற்று?

மறுமொழி 1:

அந்த மூன்று புள்ளிகளை நான் மறைக்க விரும்பவில்லை. ஒவ்வொரு வாரமும் அதைப் பார்த்து வருந்தியவன் நான். எனினும் அதில் காரின் பங்கையும் கணக்கில் எடுக்க வேண்டும். இமோலாவில் அறிமுகமான புதிய பின்சக்கர சஸ்பென்ஷன், திருப்பத்தில் நுழையும்போது காரின் பின்பகுதி எப்படி நடந்துகொள்ளும் என்ற நம்பிக்கையை ஓட்டுநரிடமிருந்து பறித்தது. ரஸ்ஸலும் தடுமாறினார், ஆனால் பழைய காரின் நினைவு அவருக்குத் துணையிருந்தது, புதியவருக்கு அது இல்லை. ஹங்கேரியில் அந்த சஸ்பென்ஷனைக் கைவிட்டுப் பழையதற்குத் திரும்பினார்கள்.

ரஸ்ஸல் காத்திருந்ததற்குக் காரணம், மெர்சிடிஸின் இரண்டு இருக்கைகளும் நிரம்பியிருந்ததுதான். அதைப் பயிற்சிமுறை என்று சொல்லிவிட முடியாது. போட்டாஸோ ஐந்து பருவங்களில் 10 பந்தயங்கள் வென்றும், ஆண்டுதோறும் புதுப்பிக்கும் ஒப்பந்தத்தில்தான் ஓட்டினார். அவசரத்தில் அமர்த்தப்பட்டவரை அணி கடைசிவரை தற்காலிகமானவராகவே பார்த்தது என்பது என் கணிப்பு. அன்டோனெல்லியை அப்படிப் பார்க்கவில்லை. மான்சாவில் வோல்ஃப் அவரை வெளிப்படையாகக் குறை சொன்னபோதும், இருக்கை கைமாறவில்லை.

கேள்வி கேட்டவர்:

விளக்கங்களுக்கு மிக்க நன்றி. நாள்காட்டியை வைத்து நான் இதைப் பார்த்ததே இல்லை. இதை எழுதும் முன் 2025 பிரேசில் பந்தயத்தின் கடைசிச் சுற்றுகளை மறுபடி பார்த்தேன். பிட் பாதையிலிருந்து தொடங்கி முன்னேறி வந்த வெர்ஸ்டாப்பன், புதிய டயர்களோடு அன்டோனெல்லியின் பின்னால் ஒட்டிக்கொண்டு வருகிறார். முதல் திருப்பத்துக்கு முன் ஒவ்வொரு முறையும் கண்ணாடியில் அந்தக் கார் பெரிதாகிறது. அன்டோனெல்லி பிரேக் பிடிக்கும் புள்ளியை மாற்றவே இல்லை. அரை வினாடிக்கும் குறைவான இடைவெளியில் இரண்டாவதாகக் கோட்டைக் கடக்கிறார்.