ஏரி வரத்து வாய்க்காலுக்குள் பட்டா: எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: வரத்துக்கால்

ஒன்றியப் பொறுப்பில் உள்ள ஏரி, ஆயக்கட்டு (பாசனம் பெறும் நிலம்) 60 ஏக்கர் சொச்சம். தூர்வார நிதி வந்திருக்கு. ஆனால் வரத்து வாய்க்காலின் கடைசி 400 மீட்டரில் பாதி அகலம் காணோம். ஒரு பக்கம் தென்னந்தோப்பு, இன்னொரு பக்கம் ஆறு வீடுகள். தோப்புக்காரர் கணினிப் பட்டா காட்டுகிறார். வீட்டுக்காரர்களிடம் பி மெமோ ரசீதும் வீட்டு வரி ரசீதும் இருக்கு. 2007 ஏரிப் பாதுகாப்புச் சட்டத்தைக் காட்டி மனுக் கொடுக்கலாமா? முதலில் எந்த ஆவணத்தை எடுப்பது?

பதில்: பழைய புலப்படம்

2007 சட்டம் உங்களுக்கு உதவாது. அது பொதுப்பணித் துறை (இப்போது நீர்வளத் துறை) ஏரிகளுக்கு. ஆயக்கட்டு 40 ஹெக்டேருக்கு, அதாவது 100 ஏக்கருக்குக் கீழே என்றால் ஒன்றிய ஏரி. அங்கே கைகொடுப்பது 1905 நில ஆக்கிரமிப்புச் சட்டம். தப்பான சட்டத்தைக் குறித்த மனு மேசை மேசையாகச் சுற்றிவிட்டுத் திரும்பி வரும்.

சிட்டாவை வைத்துக்கொண்டு வாதாட வேண்டாம். சிட்டா இன்றைய பெயரை மட்டும் சொல்லும். அந்த நிலம் முன்பு என்னவாக இருந்தது என்று அ-பதிவேடுதான் (ஒவ்வொரு சர்வே எண்ணும் என்ன வகை நிலம் என்று எழுதிய கிராமப் பதிவேடு) சொல்லும், அதிலும் யுடிஆருக்கு (நில உடைமை மேம்பாட்டுத் திட்டம்) முந்தையது. யுடிஆர் 1979-ல் தொடங்கி 1987 வரை நடந்தது. வாய்க்கால், வண்டிப்பாதை, உள்வாய் (ஏரிக்குள் தண்ணீர் நிற்கும் பகுதி) எல்லாம் பட்டா உட்பிரிவுக்குள் நழுவியது பெரும்பாலும் அப்போதுதான். தாசில்தார் அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தில் மனுப் போட்டு அந்தச் சர்வே எண்ணுக்குக் கேளுங்கள்: யுடிஆருக்கு முந்தைய அ-பதிவேடு நகல், யுடிஆர் அ-பதிவேடு நகல், பழைய எண்–புதிய எண் ஒப்பீட்டுப் பட்டியல், புலப்படம் (சர்வே எண்ணின் அளவு வரைபடம்) இரண்டு காலத்திலும். பதில் தர 30 நாள். 'ஏரி சம்பந்தமான எல்லா ஆவணமும்' என்று பொதுவாகக் கேட்டால் பொதுவாகவே பதில் வரும்.

பழையதில் 'வாய்க்கால் புறம்போக்கு', புதியதில் பட்டா என்றால் அது யுடிஆர் பிழை. அதைத் திருத்துவது தாசில்தார் மட்டத்தில் முடியாது. மாவட்ட வருவாய் அலுவலர் வரை போக வேண்டும். அந்த உத்தரவு வராமல் தென்னையில் கை வைத்தால் மறுவாரமே தடையாணை வந்து நிற்கும்.

பதில்: சங்கிலிக்கணக்கு

அளவைப் பற்றி ஒன்று. பழைய புலப்படத்தில் வாய்க்கால் அகலம் 30 என்று இருந்தால் அது லிங்க் (அளவைச் சங்கிலியின் ஒரு கண்ணி), அடி அல்ல. 100 லிங்க் 66 அடி. ஆக 30 லிங்க் ஏறக்குறைய 6 மீட்டர். அடி என்று நினைத்து 9 மீட்டர் கேட்டுப் போனால் பக்கத்துப் பட்டாதாரர்கள் ஒன்றுசேர்ந்துவிடுவார்கள், நியாயமும் அவர்கள் பக்கம்.

பரப்பிலும் இதே குழப்பம் உண்டு. பட்டாவில் 0.40.50 (ஹெக்டேர்.ஏர்.சதுர மீட்டர்) என்றால் 40.5 ஏர், அதாவது ஒரு ஏக்கர். அதை 40 சென்ட் என்று எழுதிய தீர்மானங்களும் உண்டு.

அளக்கும் நாளில் தோப்புக்காரரின் வேலியையோ வரப்பையோ ஆதாரமாக வைக்க விடாதீர்கள். வாய்க்காலுக்கு இருபுறமும் அசையாத பழைய சர்வே கல் குறைந்தது இரண்டு கிடைத்த பிறகே சங்கிலி போடணும். கோடை நல்லது, ஆனால் சீமைக்கருவேலத்தை முந்தைய வாரமே வெட்டிவிடுங்கள். முள்ளுக்குள் யாரும் நேர்கோடு பிடிக்க மாட்டார்கள். முடிந்ததும் அன்றைக்கே கல் நட வேண்டும். சுண்ணாம்புக் கோடு ஒரு மழைக்குத் தாங்காது.

பதில்: கடைமடை

வீடுகள் விஷயம் வேறு. பி மெமோ என்பது ஆக்கிரமிப்புக்கு விதித்த அபராதம். உரிமைப் பத்திரம் அல்ல, அனுமதியும் அல்ல. சொல்லப்போனால் அது புறம்போக்கு என்று அவர்களே ஒப்புக்கொண்ட காகிதம். வீட்டு வரி ரசீதும் உரிமை தராது. ஆனால் அந்த இடம் கிராம நத்தமா (ஊர்க் குடியிருப்புக்கான நிலமா) என்று முதலில் பாருங்கள். நத்தம் என்றால் 1905 சட்டம் பொருந்தாது.

புறம்போக்குதான் என்றால் 7-ஆம் பிரிவில் விளக்கம் கேட்டு நோட்டீஸ், பிறகு 6-ஆம் பிரிவில் வெளியேற்ற உத்தரவு. இந்த வரிசை முக்கியம். நோட்டீஸ் கைக்குக் கிடைத்ததற்கு ஒப்புதல் இல்லாமல் இடித்தால் வழக்கு அங்கேயே உடையும். 2011 ஜக்பால் சிங் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் பொதுநில ஆக்கிரமிப்புக்கு நீண்ட கால அனுபவம் சாக்காகாது என்றது. அதே தீர்ப்பு நிலமற்ற தொழிலாளருக்கு அரசே ஒதுக்கிய இடத்தை விதிவிலக்காகவும் வைத்தது. அதனால் ஆறு குடும்பத்துக்கும் மாற்றுமனை கேட்கும் மனுவையும் கூடவே கொடுங்கள். ஆறு குடிசையை அகற்றிவிட்டு தோப்பை 'விசாரணையில்' வைத்திருப்பது எல்லா ஊரிலும் நடக்கிற கதை.

வரத்துக்கால்:

தெளிவாச்சு, நன்றி. ஏரி நிறைந்தால் இன்னொருவரின் பட்டா நிலத்திலும் தண்ணீர் ஏறுகிறது. அதுவும் ஆக்கிரமிப்பா?

பதில்: சங்கிலிக்கணக்கு

இல்லை. முழு நீர்மட்டம் வேறு, புறம்போக்கு எல்லை வேறு. இரண்டும் ஒரே கோட்டில் இருக்கணும் என்று இல்லை. முதலில் கலங்கலை (உபரித் தண்ணீர் வழிந்தோடும் கட்டுமானம்) பாருங்கள்: தண்ணீர் வேகமாக வடியட்டும் என்று மேல்விளிம்பை உடைத்திருக்கிறார்களா, அல்லது கூடுதலாக மீன் நிற்க மேலே மணல் மூட்டை அடுக்கியிருக்கிறார்களா? மூட்டையை எடுத்த பிறகும் ஏறினால் அது அந்த ஏரியின் இயல்பான நீர்ப்பரப்பு. நிலம் அவருடையதுதான், ஆனால் மண் கொட்டி மேடாக்கவோ மனை போடவோ விடக்கூடாது. அந்தச் சர்வே எண்ணைக் கிராம சபைத் தீர்மானத்தில் பெயர் போடாமல் எழுதி, நகலைச் சார்பதிவாளர் அலுவலகத்துக்கும் மனைப்பிரிவு அனுமதி தரும் அலுவலகத்துக்கும் அனுப்புங்கள். அடுத்த கிராம சபை எப்போது என்று பார்த்து அதற்குள் அளவீட்டு அறிக்கையைக் கையில் வாங்கிவிடுங்கள்.