புதுப்பிப்பு: டீசல் ஊறிய மாந்தோப்பு மண், ஆறு மாதம் கழித்து

மாசியில் எழுதியிருந்தேன்: காவேரிப்பட்டணம் பக்கம் எங்கள் மாந்தோப்பில் டீசல் இன்ஜின் டேங்க் ஓட்டையாகி, கொட்டகை ஓரச் செம்மண்ணில் டீசல் ஊறிவிட்டது. "தோண்டி ஏரிப்பக்கம் கொட்டிடுங்க" என்று சிலர் சொன்னீர்கள். விஷத்தை ஊர்ப்பொதுவில் கொட்ட மனம் வரவில்லை. அதனால் மண்ணை இருந்த இடத்திலேயே சுத்தம் செய்யப் பார்த்தோம்.

டீசலைத் தின்னும் சூடோமோனாஸ் போன்ற பாக்டீரியாக்கள் மண்ணிலேயே இருக்கின்றன. ஆனால் அதை மட்டும் தின்று அவை பெருகாது. தழைச்சத்து (நைட்ரஜன்), மணிச்சத்து (பாஸ்பரஸ்), காற்று, ஈரம் எல்லாம் வேண்டும். டீசலில் உள்ள கரிமம் (கார்பன்) 100 பங்குக்கு 10 பங்கு தழைச்சத்து, 1 பங்கு மணிச்சத்து என்பது பொதுவான கணக்கு. 1989இல் எக்ஸான் வால்டெஸ் கப்பலின் எண்ணெய் படிந்த அலாஸ்கா கரைகளிலும் உரமிட்டு அங்கிருந்த நுண்ணுயிர்களைத் தூண்டினார்கள்.

யூரியாவையும் சூப்பர் பாஸ்பேட்டையும் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு, வைக்கோல் கலந்து, வாரம் ஒருமுறை மண்வெட்டியால் புரட்டினோம். தண்ணீரைத் தெளித்தோம், பாய்ச்சவில்லை. தேங்கினால் காற்று போகாது, டீசலும் கீழே இறங்கும். சித்திரை வெயிலில் நனைந்த சாக்கு போட்டு ஈரம் காத்தது அம்மாதான்.

இப்போது மேல் ஒரு அடியில் வாடை இல்லை. (ஒரு பகுதி ஆவியாகவும் போயிருக்கும், எல்லாமே நுண்ணுயிர் வேலை என்று சொல்லமாட்டேன்.) அப்போது ஒன்றுகூட முளைக்காத காராமணி, இப்போது 20 விதைக்கு 16 முளைத்தது. பார்த்ததும் கண் கலங்கிவிட்டது.

இரண்டடிக்குக் கீழே இன்னும் வாடை வருகிறது, அங்கே காற்று எட்டவில்லை. துளையிட்ட பிவிசி குழாய்களை இறக்கப் போகிறோம். கிணற்றுத் தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுத்திருக்கிறேன். முடிவு வரும்வரை யாரும் அதைக் குடிப்பதில்லை.