1981 டிசம்பர் 31: தொலைந்த அரை மணி நேரத்தை என் நாயகிக்கு எப்படித் திருப்பிக் கொடுப்பது?

கேள்வி: மாக் மண்டின் வாசகி

அனைவருக்கும் வணக்கம். பினாங்கைக் களமாக வைத்து, மாயம் கலந்த காதல் குறுநாவல் ஒன்றை எழுதி வருகிறேன். படிப்பவர் முகத்தில் முதலிலிருந்து கடைசிவரை புன்னகை இருக்க வேண்டும் என்பது என் ஆசை. முக்கால் பாகம் முடிந்த நிலையில், ஒரு முடிச்சை அவிழ்க்கத் தெரியாமல் நிற்கிறேன்.

கதையின் வித்து நம் நாட்டில் உண்மையாகவே நடந்தது. சபா, சரவாக் மாநிலங்களோடு நேரம் ஒத்துப்போக வேண்டும் என்பதற்காக, 1981 டிசம்பர் 31 இரவு 11.30 மணிக்குத் தீபகற்ப மலேசியாவின் நேரம் அரை மணி முன்னே தள்ளப்பட்டது. 11.30 ஆன அந்தக் கணமே 1982 பிறந்துவிட்டது. இடையில் இருந்திருக்க வேண்டிய அரை மணி நேரத்தை இங்கு யாருமே வாழவில்லை. சிறுமியாக இருந்தபோது அம்மா இதைச் சொல்லக் கேட்டேன். அந்த நேரம் எங்கே போயிருக்கும் என்ற கேள்வி அன்று முதல் என்னை விட்டதில்லை.

நாயகிக்கு அப்போது 20 வயது. தீவுக்கு எதிர்க்கரையான பட்டர்வொர்த்தில் வீடு. பகாங்கில் ஒரு தோட்டத் தமிழ்ப்பள்ளியில் வேலை கிடைத்து, மறுநாள் புறப்பட இருக்கிறாள். குயின் ஸ்திரீட் மகா மாரியம்மன் ஆலயத்தின் அருகில் பூக்கடை வைத்திருப்பவரின் மகனுக்கும் அவளுக்கும் விருப்பம் உண்டு. இருவரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. புத்தாண்டு பிறக்கும் 12 மணிக்கு, ஜார்ஜ்டவுன் மணிக்கூண்டின் கீழ் சந்திப்பதாகப் பேச்சு. அவள் புதிய நேரப்படி வந்து, 20 நிமிடம் காத்திருந்து, மனம் கசந்து படகேறிவிடுகிறாள். கைக்கடிகாரத்தை மாற்ற மறந்த அவனோ, பழைய கணக்கில் 12 மணிக்கு, அதாவது புதிய நேரம் 12.30க்கு, வாழைநாரில் கட்டிய மல்லிகைச் சரத்தோடு வந்து நிற்கிறான்.

இன்று அவள் அறுபதைக் கடந்தவள், கணவரை இழந்து சில ஆண்டுகள் ஆகின்றன, இரண்டு பிள்ளைகள். லெபோ பசார் தெருவின் அஞ்சடியில், அதாவது கடைவரிசையின் முன்னுள்ள கூரையிட்ட நடைபாதையில், கடை போட்டிருக்கும் கடிகாரம் பழுது பார்ப்பவர், ஒரு பழைய கடிகாரத்துக்குள் அந்த அரை மணி நேரத்தைக் கண்டெடுத்து, காகிதத்தில் மடித்து அவளிடம் கொடுக்கிறார். அவள் படகில் பாலத்தின் விளக்குகளைப் பார்த்தபடி, மீண்டும் அந்த இரவுக்குள் போகிறாள்.

இங்கேதான் சிக்கல். அவள் காத்திருந்து அவனைச் சந்தித்தால் அவனையே மணப்பாள். பிறகு அவளுடைய பிள்ளைகள் இருவரும் இல்லாமல் போவார்கள். 80 பக்கம் அவர்களோடு வாழ்ந்துவிட்ட எனக்கு அவர்களை அழிக்க மனம் வரவில்லை. சந்திக்கவே வேண்டாம் என்று அவள் முடிவெடுத்தால், அந்த மாயம் எதற்காக? உங்கள் எண்ணத்தைத் தயவுசெய்து சொல்லுங்கள்.

பதில்: பழைய பாகான்

அம்மா, அந்த இரவில் எனக்கு 24 வயது. பாகானில், அதாவது பட்டர்வொர்த்தில், எங்கள் வீட்டுக் கூடத்தில் இருந்தேன். முதலில் ஒரு திருத்தம். 1981இல் பாலத்தின் விளக்குகள் கிடையாது. பினாங்குப் பாலம் 1985இல்தான் திறக்கப்பட்டது. தீவுக்கும் எங்களுக்கும் இடையில் படகுகளின் விளக்குகள் மட்டுமே நகர்ந்துகொண்டிருந்தன.

உங்கள் முடிச்சுக்கு எங்கள் வீட்டுச் சுவர்க் கடிகாரம் உதவும் என்று தோன்றுகிறது. அது ஊசல் கடிகாரம். அரை மணிக்கு ஓர் அடி, முழு மணிக்கு அந்தந்த எண்ணிக்கை. அன்று 11.30க்கு அது ஒரு முறை அடித்ததும், முக்காலியில் ஏறித் தயாராக நின்ற அப்பா பெரிய முள்ளை மெதுவாக முன்னே தள்ளிப் பன்னிரண்டில் நிறுத்தினார். உடனே பன்னிரண்டு அடி. அது அடித்து முடிக்கும் வரை அவர் கையை எடுக்கவில்லை. இனி ஒரு நாள் அந்த அரை மணியைத் திருப்பித் தரச் சொன்னால் முள்ளைப் பின்னே தள்ள முடியுமா என்று நான் கேட்டேன். கூடவே கூடாது, அடிக்கும் பொறி கெட்டுவிடும். ஊசலைப் பிடித்து நிறுத்திவிட்டு, அரை மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்து, பிறகு ஆட்டிவிட வேண்டும் என்றார்.

உங்கள் நாயகி முள்ளைப் பின்னே தள்ளப் பார்க்கிறாள். அதனால்தான் பிள்ளைகள் மறைகிறார்கள். ஊசலை நிறுத்த விடுங்கள். அந்த அரை மணி நேரம் யாருடைய கடந்த காலத்திலும் சேர்ந்தது இல்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். நடக்காத நேரத்துக்குள் எது நடந்தாலும், நடந்து முடிந்த எதையும் அது தொடாது. அவள் பகாங்குக்குப் போனாள், மணந்தாள், பெற்றாள், வளர்த்தாள்; அவ்வளவும் அப்படியே இருக்கட்டும். அறுபது வயதுக்காரியாகவே, மூக்குக் கண்ணாடியோடு அவள் மணிக்கூண்டின் கீழ் போய் நிற்கட்டும்; அவனும் நரைத்த தலையோடு வரட்டும்.

பதில்: தண்ணீர்மலை ஆசிரியை

பழைய பாகான் ஐயா சொன்னது மிகச் சரி. நான் வேறொரு பக்கத்திலிருந்து வருகிறேன். சகோதரி, நீங்கள் அறிந்து எழுதினீர்களோ அறியாமல் எழுதினீர்களோ, உங்கள் கதையின் அடித்தளம் நம் அகப்பாடல்களில் வரும் அல்லகுறி. தலைவன் வந்துவிட்டதற்கு அடையாளமாக ஓர் ஒலி குறிக்கப்பட்டிருக்கும்; வேறு எதனாலோ எழுந்த ஒலியை அந்தக் குறி என்று நம்பித் தலைவி வந்து பார்த்து, அவனைக் காணாமல் திரும்பிவிடுவாள்; பிறகு உண்மையிலேயே வரும் தலைவன் வெற்றிடத்தைக் கண்டு வருந்துவான். இருவர் மீதும் குற்றமில்லை, குறிதான் பிழைத்தது. உங்கள் கதையில் ஓர் அரசாணையே அல்லகுறி ஆகியிருக்கிறது! இதைக் கண்டபோது எனக்கு உண்டான மகிழ்ச்சியைச் சொல்லி மாளாது. 12 மணி அடிக்கும் ஓசையையே அவர்களுக்குள் பேசிக்கொண்ட குறியாக வைத்துவிடுங்கள்.

கதை கனக்காமல் இருப்பதற்கும் நம்மிடமே வழி இருக்கிறது. திருக்குறள் ஊடலுவகையில்தான் முடிகிறது. கூடலுக்கு முன் ஊடல் இல்லாவிட்டால் நம் காதலில் உப்புச் சப்பு இல்லை. அவர்கள் கையில் இருப்பது முப்பதே நிமிடம். அதில் பத்து நிமிடத்தை, யார் தாமதமாக வந்தது என்று சண்டை போட்டே அவர்கள் செலவழிக்க வேண்டும். அவள் புதிய நேரத்தைச் சொல்வாள், அவன் பழைய நேரத்தைச் சொல்வான்; இரண்டு பேர் சொல்வதும் உண்மை. விக்டோரியா அரசியின் ஆட்சிக்கு ஆண்டுக்கு ஓர் அடியாக 60 அடி உயரத்தில் எழுப்பப்பட்டு, போர்க்காலக் குண்டுவீச்சில் ஆட்டம் கண்டு, சற்றே சாய்ந்து நிற்கும் மணிக்கூண்டு அது. உன்னைத் தேடித் தேடியே இது சாய்ந்துவிட்டது என்று அவன் சொல்லட்டும். குண்டு விழுந்து சாய்ந்தது என்று எனக்குத் தெரியும், நான் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தியவள் என்று அவள் திருப்பிக் கொடுக்கட்டும்.

பதில்: ஆயர் ஈத்தாம் தம்பி

ஐயாவும் ஆசிரியையும் மன்னிக்க வேண்டும். எனக்கு இது போதவில்லை. பழைய தவறு விளங்கியதோடு கதை முடிந்தால் அது ஆறுதல். இரண்டாம் வாய்ப்பு ஆகாது. அரை மணி முடிந்த பிறகு, மாயத்தின் உதவியே இல்லாமல், அவர்கள் ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அம்மா இந்த வயதில் இன்னொருவரோடு பேசிப் பழகுவதைப் பிள்ளைகள் எப்படி எடுத்துக்கொள்வார்கள் என்பதுதான் உண்மையான சோதனை. அதைத் தாண்டிக் குதித்துவிடாதீர்கள், அக்கா.

இன்னொன்று. கார் ஏற்றும் பழைய படகுகள் 2020 இறுதியோடு நின்றுவிட்டன. 2023 ஆகஸ்டு முதல் ஓடும் புதிய படகுகளில் கார்களுக்கு இடமில்லை. ஆகவே அவள் ஏறுவது புதிய படகு. கடல் நடுவே தெற்குப் பக்கம் பாலத்தின் விளக்குகள் அணைந்து, காலுக்குக் கீழே கார்த்தளத்தின் டீசல் வாடை எழும்பினால், மாயம் தொடங்கிவிட்டது என்று வாசகருக்கு நீங்கள் சொல்லவே வேண்டியதில்லை. மேலும், எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அந்தப் பழைய படகுகளின் கட்டணத்தை பட்டர்வொர்த் பக்கம் மட்டுமே வசூலித்தார்கள். தீவிலிருந்து திரும்ப யாரும் காசு கொடுத்ததில்லை. இது உங்களுக்குப் பயன்படும்.

மறுமொழி: மாக் மண்டின் வாசகி

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்றிரவு உட்கார்ந்து கடைசி இரண்டு அத்தியாயங்களையும் புதிதாக எழுதத் தொடங்கிவிட்டேன். பாலத்து விளக்குகளைப் பற்றிய என் பிழையை ஐயா சுட்டிக்காட்டியதும், அதையே மாயத்தின் வாசலாகத் தம்பி மாற்றித் தந்ததும், நான் தனியாக யோசித்திருந்தால் கிடைத்திருக்காது.

சண்டை பத்து நிமிடத்தில் முடியவில்லை, ஆசிரியை அவர்களே. பதினெட்டு நிமிடம் ஓடிவிட்டது. எஞ்சிய நேரத்தில் அவர்கள் பேசவே இல்லை. வாடாத மல்லிகைச் சரத்தை அவன் நீட்ட, நரைத்த கூந்தலில் அது நிற்காமல் வழுக்குவதால், கொண்டை ஊசி தேடிக் கைப்பையைக் கொட்டுகிறாள்; அதற்குள் அரை மணி தீர்ந்துவிடுகிறது. மறுநாள் காலை மூத்த மகளிடம் எல்லாவற்றையும் சொல்கிறாள். மகள் நெடுநேரம் ஒன்றும் பேசாமல் இருந்துவிட்டு, அவர் எத்தனை மணிக்கு வருவதாகச் சொன்னார், எந்த நேரக் கணக்கில் என்று கேட்கிறாள்.

அதற்கு முந்தைய காட்சியில் ஓர் ஐயம் மட்டும் மீதமிருக்கிறது. திரும்பும் படகில் அவனும் கூட வந்து ஏறுகிறான்; பாலத்தின் விளக்குகள் ஒவ்வொன்றாக மீண்டும் எரிகின்றன; அவன் பழக்கதோஷத்தில் சட்டைப்பையில் சில்லறை தேடுகிறான். இந்தப் பக்கம் காசு கிடையாது என்று அவள் சொல்வதோடு அந்த அத்தியாயத்தை நிறுத்திவிடலாமா?

பதில்: பழைய பாகான்

நிறுத்திவிடுங்கள், அம்மா. எங்கள் கடிகாரம் இன்னும் ஓடுகிறது. அட்டைப்படத்துக்கு வேண்டுமானால் வந்து படம் எடுத்துக்கொள்ளலாம்.