ஃபிளாட் ராக்கில் எக்ஸ்கவேட்டர் அனுப்புகிறேன், தார்ப்பாய் போட்டால் போதுமா?

மண்வாரி:
வணக்கம் நண்பர்களே. 20 டன் எக்ஸ்கவேட்டர் ஒன்றைக் கப்பலில் அனுப்பப் போகிறேன். ஏழு வருடம் ஓடிய வண்டி, ஆனால் நல்ல நிலையில் இருக்கிறது. கடலில் மட்டும் ஐந்தாறு வாரம், நடுவில் ஒரு துறைமுகத்தில் கப்பல் மாற்றமும் உண்டு. அந்த வழியில் ரோ-ரோ கப்பல் (வண்டியை ஓட்டியே ஏற்றி இறக்கும் கப்பல்) கிடைக்கவில்லை, அதனால் 40 அடி ஃபிளாட் ராக் (பக்கச் சுவரும் கூரையும் இல்லாத கன்டெய்னர்) என்று முடிவாகிவிட்டது. சரக்கு அனுப்பும் ஏற்பாட்டைப் பார்க்கும் ஃபார்வர்டர், மேலே தார்ப்பாய் போட்டு இறுக்கிக் கட்டிவிடலாம், அது போதும் என்கிறார்.

எனக்கு மனசு ஒப்பவில்லை. போன முறை ஒரு வீல் லோடரை இப்படித்தான் தார்ப்பாய் போட்டு அனுப்பினேன். போய்ச் சேர்ந்தபோது பெயின்ட் எல்லாம் பரவாயில்லை, ஆனால் ஸ்டீயரிங் சிலிண்டரில் உள்ளே வெளியே ஓடும் ராடு இரண்டிலும் ஊசி குத்தினாற்போல் புள்ளி புள்ளியாகத் துரு. வேலைக்கு இறக்கி ஒரு மாதத்துக்குள் சீல் கிழிந்து ஆயில் ஒழுக ஆரம்பித்துவிட்டது. வாங்கியவரிடம் பதில் சொல்ல முடியாமல் நின்றேன். இந்த முறை எதை எப்படிப் பாதுகாக்க வேண்டும் என்று அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

ஹைட்ராலிக்_மெக்கானிக்:
உங்கள் லோடருக்கு என்ன நடந்திருக்கும் என்று சொல்கிறேன். லோடரை நேராக நிறுத்தி நடு மூட்டில் லாக் பின் போடும்போது ஸ்டீயரிங் சிலிண்டர் இரண்டும் பாதி வெளியே நீட்டிக்கொண்டுதான் இருக்கும். ராடின் மேல் இருக்கும் குரோம் பூச்சு பார்க்கக் கண்ணாடி மாதிரி இருந்தாலும் அதில் கண்ணுக்குத் தெரியாத மயிரிழை விரிசல்கள் உண்டு. உப்பு நீர் அதன் வழியாக உள்ளே இறங்கி அடியில் இருக்கும் இரும்பைத் தின்னும். மேலே தெரிவது சின்னப் புள்ளிதான், ஆனால் அதன் ஓரம் அரம் மாதிரி சீலை அறுத்துவிடும். தார்ப்பாய் இதைத் தடுக்காது. உப்புக்காற்று அடியில் புகுந்துவிடும், நனைந்தது காயாமல் உள்ளேயே நிற்கும், காற்றில் படபடவென்று அடித்துப் பெயின்டையும் உரித்துவிடும். எனக்குத் தார்ப்பாய் மேல் நம்பிக்கையே இல்லை.

எக்ஸ்கவேட்டரில் இன்னொரு விஷயம் கவனியுங்கள். ஏற்றுவதற்காக பூமை (வண்டியின் பெரிய கை) இறக்கி, ஆர்மையும் (அதன் முனையில் உள்ள சின்னக் கை) பக்கெட்டையும் உள்பக்கம் மடக்கி வைப்போம் இல்லையா? அந்த நிலையில் பூம் சிலிண்டர் ராடு உள்ளே போய்விடும், ஆனால் ஆர்ம் சிலிண்டரும் பக்கெட் சிலிண்டரும் கிட்டத்தட்ட முழுசாக வெளியே இருக்கும். அதாவது விலை அதிகமான இரண்டு ராடுகள் ஐந்தாறு வாரம் உப்புக்காற்றில் திறந்து கிடக்கும். உங்கள் கவனம் முதலில் அங்கேதான் போக வேண்டும்.

நல்ல தண்ணீரில் கழுவி, ஈரம் போகத் துடைத்து, மெழுகு வகைத் துருத்தடுப்பு பூசுங்கள். அது கிடைக்காவிட்டால் கெட்டி கிரீஸைத் தடிமனாகத் தடவுங்கள். அதன்மேல் விசிஐ ஃபிலிம் (துருவைத் தடுக்கும் ஆவியை வெளியிடும் பிளாஸ்டிக் தாள்) சுற்றி இரண்டு முனையிலும் டேப் ஒட்டுங்கள். இதை யார்டில் செய்துவிட்டு வண்டியை ஓட்டி ஏற்றினால், ராடு ஒரு தடவை உள்ளே போய் வந்தாலே வைப்பர் சீல் (ராடைத் துடைக்கும் வெளிப்பக்க வளையம்) எல்லாவற்றையும் வழித்துவிடும். வண்டி ஃபிளாட் ராக்கில் ஏறி, பூம் கடைசி நிலைக்கு வந்து, எஞ்சினை அணைத்த பிறகுதான் பூச வேண்டும். கப்பல் மாற்றும்போது ஃபிளாட் ராக்கோடு சேர்த்துத் தூக்குவார்கள், வண்டியை யாரும் ஓட்டப்போவதில்லை. ஆகவே பூச்சு கலையாது.

அப்புறம் சைலன்சர் வாயை மறக்காமல் மூடுங்கள். மழைத்தண்ணீர் இறங்கும் என்பது ஒரு காரணம். டிரெய்லரில் போகும்போது காற்று புகுந்து டர்போவைச் சுழற்றும், எஞ்சின் ஓடாததால் அதற்கு ஆயில் வராது, பேரிங் போய்விடும். இது பலருக்குத் தெரிவதில்லை. பேட்டரி நெகட்டிவைக் கழற்றி முனைகளில் கிரீஸ் தடவுங்கள். கேபினுக்குள் ஈரம் உறிஞ்ச சிலிக்கா ஜெல் பைகள் போதும். கால்சியம் குளோரைடு வகை அதிகமாக உறிஞ்சும்தான், ஆனால் பை கிழிந்தால் அந்த உப்புத்தண்ணீர் ஒயரிங் மேல் சொட்டும், அதனால் கேபினுக்கு நான் வைப்பதில்லை.

லாஷிங்_பார்ப்பவன்:
துரு பற்றி அவர் சொல்லிவிட்டார். கட்டுவது பற்றி நான் சொல்கிறேன், ஏனென்றால் கட்டு அவிழ்ந்தால் துரு பற்றிக் கவலைப்படவே வண்டி இருக்காது. மோசமான கடலுக்குச் சர்வதேச சிடியு கோட் (கன்டெய்னரில் சரக்கு ஏற்றிக் கட்டுவதற்கான வழிகாட்டி) பக்கவாட்டில் 0.8 ஜி, அதாவது எடையில் 0.8 மடங்கு, நீளவாக்கில் 0.4 ஜி என்று கணக்கு வைக்கச் சொல்கிறது. உங்கள் 20 டன் வண்டியைப் பக்கவாட்டில் 16 டன் விசை தள்ளும் என்று எடுத்துக்கொண்டு கட்ட வேண்டும். ட்ராக் இரும்பு, ஈரத்தரையில் சறுக்கும். அடியில் தடித்த ரப்பர் மேட் போட்டால் பிடிப்பு நன்றாகக் கூடும். உங்கள் வண்டியின் ட்ராக் அகலம் ஃபிளாட் ராக்கின் 2.44 மீட்டரைத் தாண்டும், எனவே இரண்டு பக்கமும் எவ்வளவு வெளியே நிற்கிறது என்று அளந்து முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

சங்கிலியை வண்டியில் அதற்கென்று குறியிட்ட இடங்களில் மட்டும் மாட்டுங்கள், கைப்பிடியிலோ சிலிண்டரிலோ மாட்டவே கூடாது. மேல்பகுதி சுழலாமல் ஸ்விங் லாக் போடுங்கள். பக்கெட் தரையில் தொங்காமல் கட்டைமேல் உட்காரட்டும், பூமுக்குத் தனியாக ஒரு கட்டு. அந்தக் கட்டையில் ஐஎஸ்பிஎம் 15 (மரப் பேக்கிங்குக்கான சர்வதேச விதி) முத்திரை இருக்கிறதா பாருங்கள். மரத்தின் நடுப்பகுதி வரை 56 டிகிரியில் 30 நிமிடம் சூடாக்குவது போன்ற முறையில் பூச்சியை ஒழித்த மரம் என்பதற்கான முத்திரை அது, இல்லாவிட்டால் இறக்கும் துறைமுகத்தில் அதிகாரிகள் நிறுத்திவைக்கலாம். ட்ராக் இடுக்கில் மண், விதை ஒட்டியிருந்தாலும் அதே கதைதான். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து போகும் வண்டி என்றால் ஒரு கைப்பிடி மண்கூட இருக்கக் கூடாது.

கட்டி முடித்ததும் போய்விடாதீர்கள். சில மணி நேரம் கழித்துச் சங்கிலி கொஞ்சம் தளர்ந்திருக்கும், மறுபடி இறுக்கி, டர்ன்பக்கிள் (சங்கிலியை முறுக்கி இறுக்கும் திருகு) திரும்பாமல் கம்பி போட்டுவிடுங்கள். ஹோஸ் மேல் சங்கிலி உரசுகிறதா என்றும் பாருங்கள், இத்தனை நாள் ஆடும்போது ஹோஸை அறுத்துவிடும்.

ஷ்ரிங்க்ராப்_செய்தேன்:
தார்ப்பாய் வேண்டாம் என்பது சரி, ஆனால் திறந்து விடுவதற்குப் பதில் வண்டி முழுவதையும் ஷ்ரிங்க் ராப் (சூடாக்கிச் சுருங்க வைத்து ஒட்டும் பிளாஸ்டிக் உறை) செய்யலாமே? நான் ஒரு கிரேனை அப்படி அனுப்பினேன், துளித் துரு இல்லை.

ஹைட்ராலிக்_மெக்கானிக்:
செய்யலாம், ஆனால் வண்டி நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும், காற்று போக வென்ட் வைக்க வேண்டும். கழுவிய ஈரத்தோடு சுற்றினால் பகல் சூட்டில் ஆவியாகி இரவில் உள்ளேயே சொட்டும், அது தார்ப்பாயைவிட மோசம். லாஷிங் சங்கிலி வெளியே வரும் இடங்களிலும் கிழியாமல் டேப் போட வேண்டும். எது செய்தாலும் ராடுக்குப் பூச்சு தனியாகக் கட்டாயம்.

சர்வே_வேலை:
காகிதத்தையும் பாருங்கள் சார். வழக்கமான மரைன் இன்சூரன்ஸ் பாலிசி, அதில் மிக விரிவான கிளாஸ் ஏ (Clauses A) வகையை எடுத்தாலும், சரியாகப் பேக்கிங் செய்யாததால் வந்த சேதத்தை ஏற்காது. பழைய இயந்திரங்களுக்குத் துரு, நிறம் மாறுதல் இரண்டையும் விலக்கி எழுதுவதும் சகஜம். உங்கள் பாலிசியில் அந்த வரி இருக்கிறதா என்று இப்போதே கேளுங்கள். டெக் மேல் ஏற்றப் போகிறார்களா, கீழேயா என்பதையும் கேளுங்கள். பில் ஆஃப் லேடிங்கில் (கப்பல் நிறுவனம் தரும் சரக்குச் சீட்டு) டெக் சரக்கு என்று எழுதி டெக்கில் ஏற்றினால் ஹேக்-விஸ்பி விதிகளின் (கப்பல் நிறுவனத்தின் பொறுப்பைச் சொல்லும் சர்வதேச விதிகள்) பாதுகாப்பு அதற்கு வராது. கீழே வைக்க முடியுமா என்று எழுத்தில் கேட்டுப் பாருங்கள், உறுதி தர மாட்டார்கள், இருந்தாலும் கேளுங்கள்.

பூச்சு போடுவதற்கு முன் ஒவ்வொரு ராடையும் கிட்டத்தில் படம் எடுங்கள், பூசிய பிறகும் எடுங்கள், கட்டிய பிறகும் எடுங்கள். போய்ச் சேர்ந்த பிறகு வெளியில் தெரியாத சேதத்துக்கு அந்த விதிப்படி மூன்று நாளுக்குள் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். அங்கே வாங்குபவரிடம் இதை முன்பே சொல்லி வையுங்கள், பலர் பத்து நாள் கழித்துத்தான் கவரைப் பிரிக்கிறார்கள்.

மண்வாரி:
எல்லோருக்கும் மிக்க நன்றி. ஆர்ம் சிலிண்டர் விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை. தார்ப்பாய் வேண்டாம் என்று ஃபார்வர்டரிடம் சொல்லிவிட்டேன், ஏற்றும் நாளில் நானே நேரில் நின்று பூசப் போகிறேன். கடைசியாக ஒன்று: அங்கே இறக்கியதும் வாங்குபவர் முதலில் என்ன செய்ய வேண்டும்?

ஹைட்ராலிக்_மெக்கானிக்:
லீவரைத் தொடுவதற்கு முன் ராடைத் துடைக்கச் சொல்லுங்கள். பூச்சில் ஒட்டிய மணலும் உப்பும் அப்படியே உள்ளே போனால் வைப்பர் சீல் கெட்டுவிடும். ஃபிலிமைப் பிரித்து, மெழுகை டீசல் நனைத்த துணியால் எடுத்து, சுத்தத் துணியால் இன்னொரு முறை துடைத்து, அதற்குப் பிறகுதான் பேட்டரி மாட்டி, சைலன்சர் மூடியை எடுத்து ஸ்டார்ட் செய்ய வேண்டும். வண்டி முழுக்க நல்ல தண்ணீரில் கழுவட்டும், எலெக்ட்ரிகல் பாக்ஸ் பக்கம் பிரஷர் வேண்டாம். ஒவ்வொரு பின்னிலும் பழைய கிரீஸ் வெளியே வரும்வரை புதிது அடிக்கட்டும். இதை ஒரு தாளில் எழுதி, பெரிய எழுத்தில், கேபின் கண்ணாடியின் உள்பக்கம் ஒட்டி அனுப்புங்கள். சைலன்சர் மூடியிருக்கிறது என்பதை முதல் வரியாக எழுதுங்கள்.