ஒரே நெல் தரவு, ரெண்டு ஹெரிட்டபிலிட்டி?

மாதவரம் மாணவி: 40 நெல் வரிசை (தனித்தனி வம்சம்), 3 ரெப்ளிகேஷன் (ஒவ்வொரு வரிசையும் மூணு பாத்தியில), ஒரே பருவம். மகசூலுக்கு மாறுபாட்டுப் பகுப்பாய்வு அட்டவணையில வரிசைகளின் மீன் ஸ்கொயர் (சராசரி வர்க்கம்) 90, பிழையோடது 30. ஹெரிட்டபிலிட்டி (மொத்த மாறுபாட்டுல மரபால வர்ற பங்கு) 0.4, 0.67னு ரெண்டு விடை வருதே, எதுண்ணா சரி?

மணலி அண்ணன்: ரெண்டும்தான்மா. மரபு மாறுபாடு (90−30)÷3 = 20. ஒற்றைப் பாத்திக்கு 20÷(20+30) = 0.4; மூணு பாத்திச் சராசரிக்குப் பிழை 30÷3 = 10 ஆகும், அதனால 20÷(20+10) = 0.67. எதுன்னு சொல்லாம எண்ணை மட்டும் எழுதினா அர்த்தமே இல்ல. ஒரே பருவம்ங்கிறதால, பருவத்தோட வினைபுரியுற மாறுபாடும் அந்த 20க்குள்ள ஒளிஞ்சிருக்கும். மதிப்பு கூடித் தெரியும்.

பொன்னேரி: எந்தத் தலைமுறை? எஃப்2ன்னா (கலப்புக்குப் பிறகு ரெண்டாம் தலைமுறை) டாமினன்ஸும் (ஒரு மரபணு வடிவம் இன்னொண்ணை மறைக்கிறது) கலந்திருக்கும். எஃப்6ல (ஆறாம் தலைமுறை) ஹெட்டரோசைகோட் (ரெண்டு வேற வடிவம் சேர்ந்த ஜோடி) சுமார் 3% தான், தொல்லை இல்ல.

மாதவரம் மாணவி: எஃப்6. மகசூலுக்கும் உயரத்துக்கும் மரபுத் தொடர்பு 1.2 வருதே, 1ஐத் தாண்டக் கூடாதே!

மணலி அண்ணன்: உயரத்தின் மரபு மாறுபாடு பூஜ்யத்தை ஒட்டியிருக்கும், பாரு. அது வகுக்கிற வர்க்கமூலத்துக்குள்ள உக்காருது, அதனால விடை ஊதிப் போகுது. 1னு வெட்டிடாதே, திட்டப் பிழையோட (மதிப்பீடு எவ்வளவு தள்ளாடும்னு காட்டுற அளவு) போடு.