கறியில் காரத்தைக் குறைப்பதா, தனியே வைப்பதா?

செராஸ் வாசி:
வணக்கம். வீட்டில் ஐந்து பேர், அதில் காரம் தாங்குவது ஒருவர் மட்டும். கடைக் கறித்தூளைப் பாதி போட்டால் காரம் குறைகிறது, கூடவே வாசமும் போய்க் கறி சப்பென்று ஆகிவிடுகிறது. 1 கிலோ கோழிக்கு என்ன வழி? தினம் இரண்டு சட்டி வைக்க நேரமில்லை.

செந்தூல்காரி:
தூளைக் குறைத்தால் அப்படித்தான் ஆகும். பொட்டலத்தில் மல்லி, சோம்பு, சீரகம் எல்லாம் மிளகாயோடு சேர்ந்தே அரைபட்டிருக்கிறது. மிளகாயை மட்டும் தனியாகக் குறைக்க முடியாது. அதனால் தூளை வீட்டிலேயே கலந்துகொள்ளுங்கள். 1 கிலோவுக்கு மல்லித்தூள் 3 மேசைக்கரண்டி, சோம்புத்தூள் 2 தேக்கரண்டி, சீரகத்தூள் 1, மஞ்சள்தூள் அரை, மிளகுத்தூள் கால். நிறத்துக்குக் காஷ்மீரி மிளகாய்த்தூள் 1 தேக்கரண்டி போதும். காரத்தை அளக்கும் ஸ்கோவில் அளவில் அது 1,000 முதல் 2,000 வரைதான். சிலி பாடி என்கிற ஊசி மிளகாய் 50,000ஐத் தாண்டும். தூளைத் தண்ணீரில் குழைத்து, வதங்கிய வெங்காயத்தில் போட்டு, சிறு தீயில் எண்ணெய் பிரியும்வரை கிளறுங்கள். அவசரப்பட்டால் மல்லி பச்சை வாடை அடிக்கும், தீ கூடினால் கசக்கும். காரம் வேண்டியவருக்குப் பக்கத்தில் சம்பால் (வதக்கிய மிளகாய் விழுது) வைத்துவிடலாம்.

பிறைக்காரன்:
அக்கா, சம்பால் விஷயத்தில் எனக்கு உடன்பாடில்லை. மிளகாய் எண்ணெயில் வதங்கி, கறியோடு கொதித்தால்தான் அது கறி. மேலே ஊற்றிய சம்பால் நாக்கில் தனியாக நிற்கும், கோழிக்குள் இறங்காது. வழக்கம்போலச் சமைத்து, இறக்கும் முன் 200 மில்லி கெட்டிச் சந்தான் (தேங்காய்ப்பால்) ஊற்றுங்கள். மிளகாயின் காரமான கேப்சைசின் தண்ணீரில் கரையாது, கொழுப்பில் கரையும். சந்தான் அதைப் பிடித்துக்கொள்ளும். அதோடு, கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிட்டால் நாக்கும் பழகும்.

செந்தூல்காரி:
பிடித்துக்கொள்ளும் தம்பி, ஆனால் வெளியே எடுத்துப் போகாதே! சட்டியில் இருந்த காரம் சட்டியிலேயே இருக்கிறது, முதல் வாய்க்கு மட்டும் மெத்தென்று தெரியும். காரமே ஆகாத பிள்ளைக்கு அது போதாது. எல்லாக் கறியிலும் சந்தான் ஊற்றினால் எல்லாம் குருமா மாதிரிதான் இருக்கும், மீன் கறியின் புளிப்பும் அடங்கிவிடும்.

ஜார்ஜ்டவுன் அடுப்பு:
நடுவில் ஒரு வழி. சந்தான் ஊற்றும் முன் அடுப்பை அணைத்துப் பத்து நிமிடம் கிளறாமல் விடுங்கள். செவ்வெண்ணெய் மேலே ஏறி நிற்கும், காரத்தில் பெரும்பங்கு அதில்தான். குழிக்கரண்டியைச் சாய்த்துப் பிடித்து ஓரமாக வழித்தெடுத்து, காரம் வேண்டியவர் தட்டில் ஊற்றலாம். சந்தான் ஊற்றிய பிறகு எண்ணெய் அதோடு கலந்துவிடும், எடுக்க வராது.

செந்தூல்காரி:
வழித்தால் வாசமும் போகும். சோம்பு, சீரக மணமும் எண்ணெயில்தான் இறங்கியிருக்கிறது. பிறைத் தம்பி சொன்ன குறைக்கு இன்னொரு வழி இருக்கிறது. பெரிய சட்டியில் காரமில்லாக் கறி முடியட்டும். சின்னக் குவாலியில் (வாணலியில்) 2 மேசைக்கரண்டி எண்ணெய் விட்டு, ஊறவைத்து அரைத்த காய்ந்த மிளகாய் நாலை, நிறம் கறுக்காமல் எண்ணெய் கக்கும்வரை வதக்குங்கள். அதில் ஒரு கரண்டிக் குழம்பும் மூன்று துண்டுக் கோழியும் போட்டு ஐந்து நிமிடம் கொதிக்கவிட்டால் காரம் துண்டிலும் பிடிக்கும். சந்தான் ஊற்றிய கறி என்றால் தீயைக் குறையுங்கள், திரிந்துவிடும்.

பிறைக்காரன்:
இது சரி அக்கா. ஒரே சமையலில் இரண்டு கறி. மிளகாயை ஊறவைக்கும் முன் கத்தரித்து உதறச் சொல்லுங்கள். விதைதான் காரம் என்று பலர் நினைக்கிறார்கள், உண்மையில் விதை ஒட்டியிருக்கும் வெள்ளைத் தண்டில்தான் காரம் உண்டாகிறது. விதை மட்டும் கொட்டி, தண்டு உள்ளே கிடந்தால் பெரிதாக ஒன்றும் குறையாது. ஆனால் பழக்கம் பற்றிச் சொன்னதை நான் விடமாட்டேன். கட்டாயப்படுத்தாமல் அரைத் தேக்கரண்டிக் குழம்பு சோற்றில் பிசைந்து கொடுத்தால் பிள்ளைகளுக்கு மெல்ல மெல்ல ஏறும்.

செந்தூல்காரி:
பிள்ளை தானாகக் கேட்கும்போது கொடுங்கள். கண்ணில் தண்ணீர் வரக் கொடுத்தால் கறியையே வெறுத்துவிடும்.

செராஸ் வாசி:
நன்றி. ஏற்கெனவே காரம் ஏறிப்போன கறியை என்ன செய்வது? உருளைக்கிழங்கு போட்டால் இழுக்கும் என்கிறார்களே?

ஜார்ஜ்டவுன் அடுப்பு:
கிழங்கு காரத்தை இழுக்காது, கறியின் அளவுதான் கூடும். வெங்காயம், தக்காளியை மிளகாயின்றித் தனியாக வதக்கிச் சேர்த்து அளவைக் கூட்டுங்கள், பிறகு சந்தான். பரிமாறும்போது ஆவி பறக்கக் கொடுக்காதீர்கள். சூடும் மிளகாயும் நாக்கில் ஒரே உணர்வியைத்தான் தூண்டுகின்றன, அதனால் சூட்டில் காரம் இன்னும் ஏறித் தெரியும். எரிந்தால் தண்ணீரோ சூடான தேநீரோ வேண்டாம். குளிர்ந்த பால், தயிர், இல்லையென்றால் ரோஜா சர்பத்தில் பால் கலந்த பண்டோங்.