கிளிப் ட்ரிம், லிப் சிங்க் கோளாறுகள்: கைக்கு வந்த கோப்புகளில் கண்டதும் சரிசெய்ததும்

தொடக்கப் பதிவு

சிங்க் (படமும் ஒலியும் பொருந்துவது) போய்விட்டது என்றதும் ஆடியோவை முன்னும் பின்னும் தள்ளிப் பார்ப்பதுதான் பலருடைய முதல் வேலை. அதற்கு முன் இரண்டு அளவு எடுத்துவிடுங்கள். முதல் நிமிடத்தில் ப, ம, வ மாதிரி உதடு ஒட்டியோ மடங்கியோ பிரியும் ஓர் எழுத்தைத் தேடி, அங்கே படத்துக்கும் வேவ்ஃபார்முக்கும் (ஒலியின் அலை வரைபடம்) எத்தனை ஃபிரேம் விலகல் என்று குறித்துக்கொள்ளுங்கள். கடைசி நிமிடத்திலும் அதையே செய்யுங்கள்.

இரண்டு எண்ணும் ஒன்றாக இருந்தால் அது நிலையான விலகல், தள்ளி வைத்தாலே தீரும். கடைசியில் எண் கூடியிருந்தால் டிரிஃப்ட். எவ்வளவு தள்ளினாலும் ஏதாவது ஓரிடத்தில் மட்டும்தான் பொருந்தும். நடுவில் ஒரு வெட்டுக்குப் பிறகுதான் விலகல் தொடங்குகிறது என்றால் கோப்பில் குறையில்லை, டைம்லைனில் (கிளிப்புகளை அடுக்கும் பட்டை) ஏதோ நகர்ந்திருக்கிறது.

அளவு எடுக்கும்போது ப்ளூடூத் ஹெட்போன் வேண்டாம். அதுவே 100 முதல் 300 மில்லி விநாடி வரை தாமதம் சேர்க்கும். இல்லாத பிழையைத் திருத்தப்போய், எக்ஸ்போர்ட்டில் உண்மையான பிழை வந்து உட்காரும். ஒயர் ஹெட்போன் போட்டுப் பாருங்கள்.

நீங்கள் சந்தித்தவற்றை அறிகுறி, காரணம், தீர்வு என்ற மூன்றும் தெரியும்படி எழுதுங்கள்.

பதில் 1

டிரிஃப்ட் என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது மாறும் ஃபிரேம் ரேட் (விநாடிக்கு எத்தனை ஃபிரேம் என்ற எண்). செல்போன் வீடியோவும் திரைப்பதிவும்தான் இதில் அதிகம் மாட்டும். போன் 30 என்று சொல்லும். வெளிச்சம் குறைந்தால் ஷட்டரைத் திறந்து வைப்பதற்காக 24 வரைகூட இறங்கும், பிறகு ஏறும். ஒவ்வொரு ஃபிரேமுக்கும் தனி நேரமுத்திரை இருப்பதால் பிளேயரில் சரியாகவே ஓடும். எடிட்டிங் மென்பொருள் எல்லா ஃபிரேமையும் ஒரே இடைவெளியில் அடுக்க முயலும்போதுதான் ஆடியோ பிரிகிறது.

கோப்பின் விவரம் காட்டும் மீடியாஇன்ஃபோ மென்பொருளில் கோப்பைத் திறந்து ஃபிரேம் ரேட் மோட் வரியைப் பாருங்கள். வேரியபிள் என்று இருந்தால், கீழே மினிமம், மாக்ஸிமம் எண்களும் இருக்கும். இரண்டும் எவ்வளவு தள்ளி இருக்கின்றனவோ அவ்வளவு தொல்லை.

தீர்வு: எடிட் தொடங்கும் முன்பே வீடியோவை மாற்றித் தரும் ஹேண்ட்பிரேக் மென்பொருளில் மாற்றிவிடுவது. வீடியோ டேபில் ஃபிரேம் ரேட்டை 30 என்று தேர்ந்து, கான்ஸ்டன்ட் ஃபிரேம்ரேட்டை டிக் செய்யுங்கள். சேம் ஆஸ் சோர்ஸ் வேண்டாம். தர அளவு ஆர்.எஃப். 16 முதல் 18. எண் குறையக் குறைய தரம் கூடும், கோப்பும் பெருக்கும். ஷாட்கட், கேடென்லைவ் ஆகிய எடிட்டிங் மென்பொருள்கள் இப்படிப்பட்ட கோப்பை உள்ளே இழுத்ததும் எடிட்டுக்கு ஏற்றபடி மாற்றட்டுமா என்று கேட்கும். கேட்டால் சரி என்று சொல்லுங்கள்.

பாதி எடிட் முடிந்த பிறகு தெரியவந்தால், மாற்றிய கோப்பை ரீபிளேஸ் செய்யலாம். ஆனால் வெட்டுகள் சில ஃபிரேம் நகர்ந்திருக்கும், ஒவ்வொன்றையும் பார்த்தே ஆகவேண்டும். இன்டர்பிரெட் ஃபுட்டேஜில் (கோப்பை எந்த ஃபிரேம் ரேட்டில் படிக்கவேண்டும் என்று சொல்லும் அமைப்பு) 30 என்று போட்டு இதைச் சரிசெய்ய முடியாது. சீரில்லாத இடைவெளிக்கு ஒரே எண் எப்படி மருந்தாகும்?

பதில் 2

இன்டர்பிரெட் உதவுகிற இடம் வேறு. 29.97 என்பது 30000/1001. முழு 30-இலிருந்து வித்தியாசம் வெறும் 0.1 சதவீதம், ஆனால் ஒரு மணி நேரத்தில் 3.6 விநாடி. 10 நிமிடத்துக்கு 0.6 விநாடி வீதம் சீராக விலகினால், எங்கோ 30-ஐ 29.97 ஆகவோ மறுபுறமாகவோ எடுத்துக்கொண்டிருக்கிறது. 24-க்கும் 23.976-க்கும் இதே கணக்கு. விலகல் சீரா, ஏறி இறங்குகிறதா என்பதை வைத்தே பதில் 1-இல் உள்ளதா இதுவா என்று பிரித்துவிடலாம்.

டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருள் வைத்திருப்பவர்களுக்கு: டைம்லைனில் கிளிப் வைத்துவிட்டால் புராஜெக்ட் ஃபிரேம் ரேட் பூட்டிக்கொள்ளும். முதல் கிளிப்பை இழுக்கும் முன் அந்த எண்ணைப் பாருங்கள்.

குரல் சற்றே மெலிந்தோ தடித்தோ கேட்டால் அது சாம்பிள் ரேட் (விநாடிக்கு எத்தனை முறை ஒலி அளக்கப்படுகிறது என்ற எண்). 44.1 கிலோஹெர்ட்ஸை 48 என்று ஓட்டினால் 8.8 சதவீதம் வேகம் கூடும். காதே சொல்லிவிடும், அளக்கத் தேவையில்லை.

பதில் 3

தனி ரெக்கார்டரில் பதிவுசெய்பவர்களுக்கு. ஃபிரேம் ரேட், சாம்பிள் ரேட் எல்லாம் சரி, ஆனாலும் ஒரு மணி நேரக் கச்சேரியிலோ சொற்பொழிவிலோ கடைசியில் இரண்டு மூன்று ஃபிரேம் பிசகும். கேமராவின் கடிகாரமும் ரெக்கார்டரின் கடிகாரமும் ஒன்றல்ல என்பதே காரணம். பத்து லட்சத்தில் 20 பங்கு பிழை இருந்தாலே மணிக்கு 72 மில்லி விநாடி.

தொடக்கத்தில் ஒரு கைத்தட்டு, முடிவில் ஒரு கைத்தட்டு. இந்தப் பழக்கம் எடிட்டில் அரைநாள் வேலையை மிச்சப்படுத்தும். கேமராவில் இரண்டு தட்டுக்கும் இடையே 3600.00 விநாடி, ரெக்கார்டரில் 3600.12 என்றால் ஆடியோ வேகம் 100.0033 சதவீதம் வேண்டும். எடிட்டிங் மென்பொருளான பிரீமியர் புரோவின் வேகப் பெட்டி இரண்டு தசமத்தோடு நின்றுவிடும், இந்த எண்ணை ஏற்காது. அதனால் நான் பரிந்துரைப்பது நீட்டுவதல்ல, நறுக்குவது. பேச்சு நிற்கும் அமைதிகளில் சுமார் 15 நிமிடத்துக்கு ஒரு வெட்டு போட்டு, ஒவ்வொரு துண்டையும் 30 மில்லி விநாடி கூடுதலாக முன்னே இழுங்கள். 25 ஃபிரேம் ரேட்டில் ஒரு ஃபிரேமே 40 மில்லி விநாடி என்பதால், டைம்லைன் பேனல் மெனுவில் ஷோ ஆடியோ டைம் யூனிட்ஸ் போட்டால்தான் இவ்வளவு நுணுக்கமாக நகர்த்த முடியும். முன்னே இழுக்கும்போது வெட்டில் மேலேறும் அந்த 30 மில்லி விநாடியும் அமைதியாக இருக்கவேண்டும், அதற்குத்தான் பேச்சு நிற்கும் இடம்.

எந்தப் பக்கம் பிசகவிடலாம் என்பதும் முக்கியம். சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியமான ஐ.டி.யு.வின் பி.டி.1359 பரிந்துரைப்படி ஒலி சுமார் 45 மில்லி விநாடி முந்தினாலே பார்ப்பவருக்குப் பிடிபடும். பிந்தினால் சுமார் 125 வரை தாங்கும். ஒலி பிந்துவது இயற்கையில் பழகியது. 14 மீட்டர் தள்ளி நிற்பவர் குரல் ஏறக்குறைய ஒரு ஃபிரேம் தாமதமாகத்தான் வருகிறது. ஆகவே ஐயம் வந்தால் ஆடியோவைப் பின்னே விடுங்கள்.

பதில் 4

ட்ரிம் பக்கம் வருகிறேன். பாதி சிங்க் புகார்கள் ட்ரிம்மில்தான் பிறக்கின்றன.

கிளிப்பின் ஓரத்தை இழுத்தால் நகரவில்லை என்றால் அதற்குமேல் காட்சி இல்லை. ட்ரான்ஸிஷனும் அப்படியே: வெட்டின் நடுவே 1 விநாடி டிசால்வ் (ஒரு காட்சி கரைந்து அடுத்தது எழுவது) போட, இரு கிளிப்பிலும் மறைந்திருக்கும் காட்சி அரை விநாடியாவது வேண்டும். இல்லாவிட்டால் பிரீமியர் கடைசி ஃபிரேமை உறையவைத்து ஒப்பேற்றும்.

ரிப்பிள் ட்ரிம்மில் (வெட்டியதும் பின்னால் உள்ளவை தாமே நகர்ந்து இடைவெளியை மூடும் ட்ரிம்) காட்சிகள் நகர்ந்து, பின்னணி இசை மட்டும் பழைய இடத்திலேயே நிற்கிறதா? பிரீமியரில் என்றால் அந்த ட்ராக்கின் சிங்க் லாக் அணைந்திருக்கிறது. ரிசால்வில் ஆட்டோ செலக்ட் பொத்தானைப் பாருங்கள். கிளிப்பில் சிவப்பாக +3, -3 என்று எண் தெரிந்தால், லிங்க் செய்த படமும் ஒலியும் 3 ஃபிரேம் பிரிந்துள்ளன. பிரீமியரில் அந்த எண்ணின் மேலேயே ரைட் கிளிக் செய்யுங்கள். மூவ் இன்டு சிங்க் கிளிப்பையே நகர்த்தும், பக்கத்துக் கிளிப்பை மூடிவிடும் ஆபத்து உண்டு. ஸ்லிப் இன்டு சிங்க் கிளிப்பை இருந்த இடத்தில் வைத்து உள்ளடக்கத்தை மட்டும் நகர்த்தும். அடுத்தடுத்து நெருக்கமாக வெட்டிய டைம்லைனில் இரண்டாவதே பாதுகாப்பு.

பதில் 5

மறு என்கோட் (வீடியோவை மறுபடி சுருக்கி எழுதுவது) இல்லாமல் வெட்டுவதில் வரும் கோளாறையும் சேர்த்துக்கொள்ளுங்கள். லாஸ்லெஸ்கட், அவிடெமக்ஸின் காப்பி முறை, எஃப்.எஃப்.எம்பெக் காப்பி எல்லாவற்றுக்கும் விதி ஒன்றே. படம் கீஃபிரேமில், அதாவது முழுப் படத்தையும் தன்னுள் கொண்ட ஃபிரேமில்தான் தொடங்க முடியும். நடுவில் உள்ள ஃபிரேம்கள் மற்ற ஃபிரேம்களோடு உள்ள வித்தியாசத்தை மட்டுமே சுமப்பவை. எக்ஸ்264 என்கோடரின் இயல்புநிலை அமைப்பில் கீஃபிரேம் இடைவெளி 250 ஃபிரேம் வரை போகும், 25 ரேட்டில் 10 விநாடி. நீங்கள் 12-வது விநாடியில் வெட்டினாலும் கோப்பு 10-வது விநாடியிலிருந்து இருக்கும். அந்த 2 விநாடியை மறைக்கச் சொல்லி எம்பி4-க்குள் ஒரு எடிட் லிஸ்ட் எழுதப்படும். அதை மதிக்கும் பிளேயரில் சரியாக ஓடும். மதிக்காததில் தொடக்கம் உறையும், அல்லது படமும் ஒலியும் பிரியும். ஒரே கோப்பு ஓரிடத்தில் சரி, இன்னோரிடத்தில் தவறு என்றால் இதைத்தான் பாருங்கள்.

இப்படி வெட்டிய துண்டுகளை ஒட்டும்போது இன்னொன்று. 48 கிலோஹெர்ட்ஸ் ஏ.ஏ.சி. ஒலி வடிவத்தில் ஒரு ஆடியோ பொட்டலம் 1024 சாம்பிள், 21.3 மில்லி விநாடி. வீடியோ ஃபிரேமோ 40. இரண்டும் ஒரே புள்ளியில் முடிவதில்லை. ஒவ்வொரு ஒட்டிலும் சில மில்லி விநாடி மிஞ்சி, ஐம்பது அறுபது துண்டுகளுக்குப் பின் கண்ணுக்குத் தெரியும். துண்டு அதிகமென்றால் காப்பி முறையை விட்டுவிட்டு ஒருமுறை என்கோட் செய்துவிடுங்கள்.

தொடக்கப் பதிவிட்டவர்

டைம்லைனில் சரி, எக்ஸ்போர்ட்டில் மட்டும் பிசகு என்று கேட்பவர்களுக்கு ஒரு சோதனை: எக்ஸ்போர்ட் ஆன கோப்பை அதே டைம்லைனில் மேல் ட்ராக்கில் வைத்து வேவ்ஃபார்ம்களை ஒப்பிடுங்கள், படத்தையும் ஒரு வெட்டுப்புள்ளியில் ஒப்பிடுங்கள். இரண்டும் பொருந்தினால் கோப்பு நல்லது, குற்றம் பிளேயரிலோ ஹெட்போனிலோ. பொருந்தாவிட்டால் மீடியா கேஷை (மென்பொருள் சேமித்துவைக்கும் தற்காலிகக் கோப்புகள்) அழித்து, பிராக்ஸியை (எடிட்டுக்கான இலகுவான நகல்) நிறுத்தி மறுபடி எக்ஸ்போர்ட் செய்து பாருங்கள். அப்போதும் பிசகினால் பதில் 1-க்குப் போய், மூலக் கோப்பை மீடியாஇன்ஃபோவில் திறங்கள்.